குற்றம் நடந்த இடத்து டிஎன்ஏவில் பூர்வீகம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடய அறிவியல் பற்றி எங்கே பேசப் போனாலும் கடைசியில் வந்து நிற்பது இந்தச் சந்தேகங்கள்தான். கல்லூரி மாணவர்கள், இளம் வழக்கறிஞர்கள், துப்பறியும் தொடர்களை விடாமல் பார்ப்பவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

டிஎன்ஏ கிடைத்தாலே ஆள் மாட்டிக்கொள்வான்தானே? அப்புறம் பூர்வீகம் எதற்கு?

கிடைத்த டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டிஎன்ஏ வேண்டுமே! 1984ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த முறையிலிருந்து இன்றுவரை அடிப்படை அதுதான். சம்பவ இடத்தில் கிடைத்ததும் சந்தேக நபரிடம் எடுத்ததும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். இப்போது எஸ்டிஆர் எனப்படும் இடங்களில், ஒரு சிறு துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் கோடிஸ் தரவுத்தளம் 2017 முதல் இப்படி 20 இடங்களைப் பார்க்கிறது.

சந்தேக நபரே இல்லை, தரவுத்தளத்திலும் யாரும் பொருந்தவில்லை என்றால் அந்த எண்கள் கோப்பிலேயே கிடக்கும். பூர்வீகச் சோதனைக்கு அப்போதுதான் வேலை வருகிறது. இவருடைய முன்னோர் உலகின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று அது சொல்லும். அதை வைத்து எந்தப் பக்கம் முதலில் தேடலாம் என்று முடிவு செய்யலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு சொட்டு ரத்தத்தில் எந்தப் பக்கத்து ஆள் என்று எப்படித் தெரியும்?

மனிதர்களின் டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆங்காங்கே ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இதை ஸ்னிப் என்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை எல்லா ஊரிலும் கலந்தே கிடக்கின்றன. சில மட்டும் ஒரு பகுதியில் மிக அதிகமாகவும் இன்னொரு பகுதியில் மிகக் குறைவாகவும் இருக்கும். டஃபி மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், விவாக்ஸ் மலேரியாவிலிருந்து பாதுகாப்புத் தருவது, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு, ஐரோப்பாவில் அபூர்வம். ஈடிஏஆர் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், தடித்த தலைமுடியோடு தொடர்புடையது, கிழக்கு ஆசியாவில் மிகப் பரவலாக இருக்கிறது.

ஒரே ஒரு ஸ்னிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல சேரும்போதுதான் பலம். ஒரு மாற்றம் 'அ' மக்களில் நூற்றுக்கு 90 பேரிடமும் 'ஆ' மக்களில் 10 பேரிடமும் இருக்கிறது என்று வையுங்கள். அது மாதிரியில் இருந்தால் நிறுவை 'அ' பக்கம் 9 மடங்கு சாய்கிறது. ஒன்றையொன்று சாராத இதுபோன்ற ஐந்து மாற்றங்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் 9ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 59,049 மடங்கு. நிஜத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாயாது. அதனால்தான் இதற்கான சோதனைத் தொகுப்புகள் ஐம்பது முதல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஸ்னிப்களை ஒன்றாகப் பார்க்கின்றன.

தாய் வழி, தந்தை வழி என்று தனித்தனியாகச் சொல்கிறார்களே, அதுவும் இதுதானா?

அது வேறு வகை. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏ அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசும். மைட்டோகாண்ட்ரியா இன்னொருவரைப் பற்றி. மற்ற 1,022 பேரைப் பற்றி இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது.

இதன் ஆபத்தை 2007ல் லெஸ்டர் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த, அபூர்வமான ஒரு குடும்பப் பெயர் கொண்ட வெள்ளைக்கார ஆண்கள் சிலரிடம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒய் வகை இருந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து சேர்ந்த ஓர் ஆப்பிரிக்க முன்னோர் அதற்குக் காரணம். இவர்களில் ஒருவரின் மாதிரி குற்றம் நடந்த இடத்தில் கிடைத்து, ஒய் குரோமோசோமை மட்டும் பார்த்திருந்தால் போலீஸ் கறுப்பினத்தவர் ஒருவரைத் தேடிப் போயிருக்கும்.

இதனால் நிஜமாக எந்த வழக்காவது திரும்பியிருக்கிறதா?

திரும்பியிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரைச் சுற்றி 2000களின் தொடக்கத்தில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். வெள்ளை பிக்கப் வண்டியில் வந்த வெள்ளைக்காரன் என்ற தகவலை வைத்துப் போலீஸ் தேடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாதிரி எடுத்தும் பலனில்லை. 2003ல் டிஎன்ஏபிரிண்ட் ஜெனோமிக்ஸ் என்ற நிறுவனம் அந்த மாதிரியைச் சோதித்து, முன்னோர் பங்கு 85 சதவீதம் ஆப்பிரிக்கா, 15 சதவீதம் அமெரிக்கப் பூர்வகுடி என்று சொன்னது. அதே ஆண்டு மே மாதம் டெரிக் டாட் லீ என்ற கறுப்பினத்தவர் கைதானார். இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரைச் சந்தேகித்தது, பழைய வழக்குகளைத் தோண்டிக்கொண்டிருந்த புலனாய்வாளர்கள். அவர்தான் என்று உறுதியானது வழக்கமான டிஎன்ஏ பொருத்தத்தால். தப்பான திசையில் போன தேடலை நிறுத்தியது பூர்வீகச் சோதனையின் பங்கு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நெதர்லாந்து வழக்கு. 1999 மே 1 அன்று ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் மரியான் வாட்ஸ்ட்ரா என்ற 16 வயதுப் பெண் வயல்வெளியில் கொலையுண்டு கிடந்தாள். பக்கத்து ஊரான கொல்லுமில் அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது ஊருக்கு. முகாமில் இருந்தவர்கள்தான் செய்திருப்பார்கள் என்ற பேச்சு தீயாகப் பரவியது. லைடன் நகர மரபியலாளர் பீட்டர் டி க்னைஃப் ஒய் குரோமோசோமைப் பார்த்து, அது வடமேற்கு ஐரோப்பிய ஆணுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். மாதிரியிலிருந்து இப்படி முடிவு சொல்லச் சட்டம் இடம் தந்தது 2003ல்தான். 2012ல் சுற்றுவட்டாரத்து ஆண்கள் சுமார் 8,000 பேரைத் தாமாக முன்வந்து மாதிரி தரும்படி அழைத்தார்கள். பொருந்தியது, சம்பவ இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டரில் குடியிருந்த ஒரு விவசாயியின் மாதிரி. அவருக்கு 18 ஆண்டு சிறை. அந்த முகாமில் இருந்தவர்கள் மீது 13 ஆண்டுகள் படிந்திருந்த பழி அப்போதுதான் முழுவதுமாக நீங்கியது.

தப்பாகவும் போயிருக்கிறதா?

மிக மோசமாகப் போயிருக்கிறது. 2007ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு இளம் பெண் காவலர் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்றிலும் முன்னும் பின்னுமாகச் சுமார் நாற்பது சம்பவ இடங்களில் கிடைத்தது. கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை எல்லாம் செய்யும் மர்மப் பெண் என்று ஊடகங்கள் எழுதின. ஆஸ்திரியாவில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைச் சோதித்து, கிழக்கு ஐரோப்பா பக்கத்துப் பூர்வீகம் என்றார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று கருதப்படும் சின்ட்டி, ரோமா என்ற ஐரோப்பியச் சமூகங்கள் மீது சந்தேகம் திரும்பியது.

2009ல் உண்மை வெளியே வந்தது. அந்த டிஎன்ஏ, மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவை. ஆனால் டிஎன்ஏ நீக்கப்பட்டவை அல்ல. பெண் காவலரைக் கொன்றது என்எஸ்யு என்ற நவ நாஜிக் கும்பல் என்று 2011ல் தெரிந்தது. பூர்வீகச் சோதனை அந்தக் குச்சியில் இருந்த டிஎன்ஏவைப் பற்றிச் சொன்னது தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த டிஎன்ஏவுக்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. நடுவில் ஒரு சமூகமே சந்தேகத்துக்கு ஆளானது. ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கூட்டத்தின் மீதிருந்த பழியை நீக்கிய அதே வகைச் சோதனை இங்கே இன்னொரு கூட்டத்தின் மீது பழியைச் சுமத்த உதவியது. இதைச் சொல்லாமல் முன் வழக்கை மட்டும் பெருமையாகச் சொல்வது நியாயமில்லை.

வெறும் எலும்புதான் கிடைத்தது என்றால் பூர்வீகம் தெரியுமா?

தெரிய வாய்ப்பு உண்டு. இதில் நம் நாட்டு ஆய்வகங்களின் வேலை மெச்சத்தக்கது. 2014ல் பஞ்சாபின் அஜ்னாலாவில் ஒரு பழைய கிணற்றிலிருந்து ஏராளமான மனித எலும்புகள் எடுக்கப்பட்டன. 1947 பிரிவினைக் கலவரத்தில் இறந்தவர்கள் என்றார்கள் சிலர். 1857ல் லாகூருக்கு அருகே கிளர்ந்தெழுந்து, பிடிபட்டுக் கொல்லப்பட்ட 26வது வங்காளப் படைப்பிரிவுச் சிப்பாய்கள் என்றார்கள் வேறு சிலர். பஞ்சாப் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 50 மாதிரிகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும், 85 மாதிரிகளில் ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) பார்த்தார்கள். டிஎன்ஏ முன்னோரைச் சொல்லும். பல்லில் தங்கிய ஐசோடோப்பு, சிறுவயதில் எந்தப் பகுதித் தண்ணீரையும் உணவையும் உட்கொண்டு வளர்ந்தார் என்பதைச் சொல்லும். இறந்தவர்கள் பஞ்சாபியர் இல்லை, கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று இரண்டும் காட்டின. 26வது படைப்பிரிவுக் கதையோடு அது ஒத்துப்போனது. 2022ல் இந்த ஆய்வு வெளியானது.

உத்தராகண்டின் ரூப்குண்ட் ஏரி எலும்புகளையும் பலர் கேட்கிறார்கள். 2019ல் வெளியான ஆய்வில் 38 பேரின் டிஎன்ஏ கிடைத்தது. 23 பேர் தெற்காசியப் பூர்வீகம். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம், ஒருவர் தென்கிழக்கு ஆசியா. இந்தப் பதினைந்து பேரும் இறந்தது சுமார் 1800 வாக்கில், மற்றவர்கள் இறந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து. ஒரே பனிப்புயலில் எல்லோரும் மடிந்தார்கள் என்ற பழைய கதை அதோடு நின்றது.

முகத்தையே வரைந்து தருகிறார்களாமே?

கண், முடி, தோல் ஆகியவற்றின் நிறத்தைக் கணிக்கலாம். அதற்கென்றே ஹைரிஸ்பிளெக்ஸ் எஸ் என்ற, 41 இடங்களைப் பார்க்கும் முறை இருக்கிறது. நீலக் கண்ணா, பழுப்புக் கண்ணா என்பதில் அது நன்றாகவே தேறும். இடைப்பட்ட நிறங்களில் தடுமாறும். முகத்தின் வடிவம் வேறு விஷயம். அதை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. உடல் எடை, தாடி, தழும்பு எதுவும் டிஎன்ஏவிலிருந்து வரையக் கிடைக்காது.

2022 அக்டோபரில் கனடாவின் எட்மண்டன் போலீஸ், பாலியல் வன்முறை வழக்கு ஒன்றில் பாரபான் நானோலேப்ஸ் நிறுவனம் டிஎன்ஏவிலிருந்து உருவாக்கிய ஒரு கறுப்பின ஆணின் முகப் படத்தை வெளியிட்டது. ஊரில் உள்ள எந்தக் கறுப்பின இளைஞனையும் அந்தப் படத்தில் பொருத்திப் பார்க்கலாம் என்று கண்டனம் எழ, இரண்டு நாளில் படத்தை நீக்கி மன்னிப்புக் கேட்டது. இப்படிப்பட்ட படங்களைப் பொதுவெளியில் விடவே கூடாது என்பதுதான் என் கருத்து.

கோல்டன் ஸ்டேட் கில்லரைப் பிடித்ததும் இப்படித்தானே?

இல்லை. அந்தப் பெயரால் அறியப்பட்ட தொடர் கொலைகாரன் ஜோசப் டிஆஞ்சலோ 2018ல் கலிஃபோர்னியாவில் சிக்கியது மரபுவழி உறவுமுறைத் தேடலால். மக்கள் தாமாகவே டிஎன்ஏவைப் பதிவேற்றும் ஜெட்மேட்ச் தளத்தில் அவருடைய தூரத்துச் சொந்தங்கள் கிடைத்தார்கள். அவர்களின் குடும்ப மரங்களை வரைந்து, வயது, ஊர் பார்த்துச் சலித்துச் சலித்து அவரிடம் வந்து சேர்ந்தார்கள். பூர்வீகச் சோதனை பெரிய மக்கள் கூட்டத்தைக் காட்டும். உறவுமுறைத் தேடல் ஒரு குடும்பத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். பலமும் அதிகம், அந்தரங்கத்தில் நுழைவதும் அதிகம்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு குற்றத்துக்கு இது உதவுமா?

பெரும்பாலும் உதவாது. மதுரையில் கிடைத்த மாதிரியைச் சோதித்து 'தெற்காசியப் பூர்வீகம், பழுப்புக் கண், கறுப்பு முடி' என்று அறிக்கை வந்தால் யாரை விலக்க முடியும்? பல கண்டத்து மக்கள் கலந்து வாழும் ஊரில்தான் கண்ட அளவிலான கணிப்புக்குப் பயன். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் விலையுள்ள தகவலாக இருப்பது மதுரையில் ஒன்றுக்கும் ஆகாது.

ஒப்பீட்டுத் தரவும் இன்னொரு தடை. உலகெங்கும் பயன்படும் ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் கூட்டங்கள் உண்டு. அதில் தமிழர் என்று இருப்பது, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேர். தெலுங்கர்களும் பிரிட்டனில் வாழ்பவர்கள்தான். 2025 ஜனவரியில் வெளியான ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு, நாடு முழுவதும் 10,000 பேருக்கு மேல் எடுத்தது, மருத்துவ ஆய்வுகளுக்குப் பெரிய வரவு. புலனாய்வுக்கு அதைத் திறந்துவிடலாமா என்பது வேறு கேள்வி. நோய் ஆராய்ச்சிக்கென்று ரத்தம் கொடுத்தவர்களிடம் அதற்கும் ஒப்புதல் வாங்காமல் செய்வது துரோகம்.

அப்படியானால் சாதி தெரியுமா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தனி ஆளின் டிஎன்ஏவைப் பார்த்து 'இன்ன சாதி' என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்வதாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இந்திய மக்களிடையே சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை கலப்பு பரவலாக நடந்தது, அதன்பின் அகமணம் இறுகியது என்று 2013ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அதனால் நெடுங்காலம் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சில குழுக்களில் சில மாற்றங்கள் அதிகமாக இருப்பது உண்மை. சில பரம்பரை நோய்களைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. ஆனால் அது குழுவின் சராசரி. பக்கத்துப் பக்கத்துச் சமூகங்களின் டிஎன்ஏ பெருமளவு ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. அதோடு, சாதி என்பது பிறந்த வீட்டுக்குச் சமூகம் ஒட்டிய அடையாளம்; தத்துப் பிள்ளைக்கும், சாதி மறுப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்கும் எந்தப் பதிலை ஆய்வகம் எழுதும்? மொழிக்கும் மதத்துக்கும் இதே பதில்தான். தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்று கேட்டு மாதிரியை அனுப்புகிறவருக்கு ஆய்வகம் அதைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

ஒரு மாவட்டத்தில் குற்றம் நடந்ததும் ஒரு தெருவை மட்டும் சுற்றிவளைக்கும் பழக்கம் உள்ள நாட்டில், அந்தப் பழக்கத்துக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைல்பிரான் போதும்.

எந்த நாட்டுக்காரர் என்றாவது சொல்லலாமா?

கூடாது. 2009ல் பிரிட்டன் எல்லை முகமை, சோமாலியா அகதிகள் என்று சொல்லி வந்தவர்கள் நிஜமாகவே சோமாலியர்களா என்று டிஎன்ஏவையும் ஐசோடோப்பையும் வைத்துப் பார்க்கும் முன்னோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மரபியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் வாழ்பவர்கள் ஒரே இனக்குழுவாக இருக்கும்போது, குடியுரிமையை டிஎன்ஏ எப்படிச் சொல்லும்? 2011ல் திட்டம் கைவிடப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? கோர்ட்டில் செல்லுமா?

நாட்டுக்கு நாடு வேறு. நெதர்லாந்து 2003லேயே அனுமதித்ததை மேலே சொன்னேன். ஜெர்மனி 2019ல் கண், முடி, தோல் நிறத்தையும் வயதையும் கணிக்க அனுமதித்தது; பூர்வீகத்தைச் சேர்க்கவில்லை. இந்தியாவில் 1989ல் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு தந்தைமை வழக்கில் டிஎன்ஏ சான்று ஏற்கப்பட்டதிலிருந்து, ஆளைப் பொருத்திப் பார்க்கும் சோதனை வழக்கமாகிவிட்டது. டிஎன்ஏ தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்த 2019ல் மக்களவைக்கு வந்த மசோதா 2023ல் திரும்பப் பெறப்பட்டது. பூர்வீகக் கணிப்பு எங்கேயும் ஒருவரைத் தண்டிக்கப் போதுமான சான்று இல்லை. புலனாய்வுக்கான துப்பு, அவ்வளவே.

அறிக்கையில் 85 சதவீதம் என்று இருந்தால் 85 சதவீதம் உறுதி என்றுதானே அர்த்தம்?

அதிகம் குழம்பும் இடம் இது. பேட்டன் ரூஜ் வழக்கின் 85 என்பது முன்னோர் பங்கு பற்றிய மதிப்பீடு. கணிப்பு எவ்வளவு நம்பகமானது என்பது வேறு எண். ஒருவரின் பங்கு 50-50 என்று மிக உறுதியாகவும் சொல்லலாம். 100 என்று மிகத் தளர்வாகவும் சொல்லலாம். அறிக்கையில் பிழை வரம்பைத் தேடுங்கள். எந்தெந்த மக்கள் கூட்டங்களோடு ஒப்பிட்டார்கள் என்றும் பாருங்கள். பட்டியலில் இல்லாத கூட்டத்தைச் சேர்ந்தவரைக் கணினி சும்மா விடாது. இருப்பதில் அருகே உள்ளதில் தள்ளிவிடும்.

அப்பா ஐரோப்பியர், அம்மா சீனர். மாதிரி என்ன சொல்லும்?

இரண்டும் பாதிப் பாதி என்று வரும். சிக்கல் என்னவென்றால், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரு பக்கமும் கலந்துவிட்ட மத்திய ஆசிய மக்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். நூறு ஸ்னிப் உள்ள சிறிய தொகுப்பால் இரண்டையும் எளிதில் பிரிக்க முடியாது. லட்சக்கணக்கான இடங்களைப் பார்த்தால் முடியும். கலப்பு அண்மையில் நடந்திருந்தால் ஒவ்வொரு பூர்வீகத்தின் துண்டும் குரோமோசோமில் நீளமாக இருக்கும். காலம் போகப் போகத் துண்டுகள் பொடியாகும். அதற்கு நல்ல நிலையில், போதிய அளவு டிஎன்ஏ வேண்டும். சம்பவ இடத்து மாதிரிகளில் பல அப்படி இருப்பதில்லை. இருவர் ரத்தம் கலந்த மாதிரியும் இதேபோல் ஏமாற்றும். அதனால் முதலில் எஸ்டிஆர் பார்த்து ஒரே ஆளுடையதுதானா என்று உறுதிசெய்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் ரத்தம் என்றால்?

ரத்தம் மஜ்ஜையைக் கொடுத்தவரின் பூர்வீகத்தைச் சொல்லும். கொடுத்தவர் பெண்ணாகவும் பெற்றவர் ஆணாகவும் இருந்தால் பாலினம்கூட மாறித் தெரியும். கன்னத்தின் உட்புறம் எடுத்த மாதிரியில் இருவருடையதும் கலந்து வரலாம், ஏனென்றால் மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்கள் எச்சிலிலும் உண்டு. முடியின் வேரில் பெரும்பாலும் அவருடையதே இருக்கும். ஒரே ஆளின் ரத்தமும் முடியும் வேறு வேறு ஆளைக் காட்டினால், ஆய்வகம் தவறு செய்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் அவருடைய மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.